சிங் அரசர்கள் பேர்ல குழம்பாம படிக்கிறது எப்படி

சீனாவ ஆண்ட சிங் வம்சத்து அரண்மனை சீரியல் ஒண்ணு பார்த்துட்டு நிஜ வரலாறு என்னன்னு தேடிப் போனா முதல்ல தலைய சுத்த வைக்கிறது பேருதான். ஒரு எடத்துல சுவான்யே, இன்னொரு எடத்துல காங்சி, வேற எங்கயோ ஷெங்சு, பார்த்தா மூணும் ஒரே ஆளு. நான் ரொம்ப நாள் மூணு பேர்னே நெனச்சுட்டு இருந்தேன்.

சுவான்யே பொறந்தப்போ வச்ச பேரு, அரசரானப்புறம் அத வாயால சொல்லக்கூடாது. ஷெங்சு செத்தப்புறம் முன்னோர் கோயில்ல வழிபட வச்சது. காங்சிங்கறது உண்மையில ஆளோட பேரே இல்ல, அவர் ஆண்ட வருஷங்களுக்கு வச்ச பேரு. இந்த வருஷப் பேர மட்டும் பிடிச்சுக்கோங்க, போதும். ஆனா முதல் ரெண்டு அரசர்களுக்கு இது செட் ஆகாது, நூர்ஹாசி, ஹொங் தைஜின்னு சொந்தப் பேர்லயே வச்சுக்கறதுதான் வசதி.

வருஷத்துலயும் ஒரு சிக்கல் இருக்கு. காங்சி பட்டத்துக்கு வந்தது 1661, ஆனா காங்சி முதல் வருஷம் 1662, ஏன்னா அப்பா செத்த வருஷம் முடியுற வரைக்கும் அப்பா பேர்லயேதான் ஓடும். ரெண்டுமே சரி, சண்ட போட வேணாம்.

அடுத்து, பெய்ஜிங்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. 1616ல வடகிழக்குல நூர்ஹாசி கான் ஆனதுல இருந்து வாங்க. தன் இனத்தோட ஜுர்சென்ங்கற பேர 1635ல மஞ்சுன்னு மாத்துனது, அடுத்த வருஷமே அரசுக்கு சிங்னு பேர் அறிவிச்சது எல்லாம் அவர் பையன் ஹொங் தைஜி, அவர் பெய்ஜிங்க பார்க்காமலே 1643ல போயிட்டார். 1644ல உள்ள நுழைஞ்சப்போ அரசரா இருந்த அவர் மகன் ஷுன்ஜி சின்னப் பையன், அதிகாரம் எல்லாம் சித்தப்பா டோர்கன் கையில. அதுவும் அதுக்கு முன்னாடி சீனாவ ஆண்ட மிங் அரச கவுத்தது இவங்க இல்ல, லி சிசெங்னு ஒரு கலகக்காரர் ஏற்கனவே நகரத்த பிடிச்சிருந்தார், மிங் தளபதி வூ சாங்குயி ஷான்ஹாய் கணவாய இவங்களுக்கு தெறந்துவிட்டார், அவ்ளோதான்.

அப்புறம் ஒவ்வொருத்தரும் எப்படி பட்டத்துக்கு வந்தார்னு பாருங்க, தேதி தானா மனசுல நிக்கும். ஷுன்ஜி பெரியம்மைல செத்தார், காங்சிக்கு அது சின்ன வயசுலயே வந்து போயிருந்ததால இவன் தாங்குவான்னு அவர தேர்ந்தெடுத்தாங்க. காங்சி பசங்க பட்டத்துக்கு அடிச்சுக்கிட்டத பார்த்த, அவங்கள்ல ஒருத்தரான யோங்செங், வாரிசு பேர எழுதி பெட்டில போட்டு சியென்ச்சிங் மண்டபத்து பலகைக்கு பின்னாடி வச்சுட்டார், அப்படி வந்தவர்தான் அவர் பையன் சியென்லோங்.

இளவரசர்கள நம்பர வச்சு ஞாபகம் வைங்க. யோங்செங் வந்ததும் அண்ணன் தம்பிங்க பேர்ல இருந்த 'யின்'ன 'யுன்'னு மாத்திட்டார், அதனால யின்சி, யுன்சி ரெண்டும் அதே எட்டாம் இளவரசர்தான்.

கடைசியா சியென்லோங். தாத்தா காங்சிய விட அதிக வருஷம் ஆளக்கூடாதுன்னு 1796ல பட்டத்த விட்டார், ஆனா 1799ல சாகுற வரைக்கும் முடிவு எல்லாம் அவரோடதுதான், வெளிய பட்டத்துக்கு வந்த பையன் ஜியாசிங் பேர்ல வருஷம் ஓடுறப்போ அரண்மனைக்குள்ள மட்டும் சியென்லோங் 61, 62ன்னு எண்ணிக்கிட்டே போனாங்க.