நீர்முள்ளி வளர்க்கப் போகிறீர்களா? நான் சொதப்பிய இடங்கள்

மழை முடிந்ததும் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் கண்மாய்க்கரை, ஊரணிக்கரை எல்லாம் ஊதாப் பூவோடு மார்பளவு நிற்குமே, அந்தச் செடிதான். தேனீயும் பெரிய கருவண்டும் அதைச் சுற்றுவதைப் பார்த்துத்தான் வீட்டுப் பின்கட்டில் வைக்கலாம் என்று எனக்கு ஆசை வந்தது.

முதல் வருஷம் விதையை ராத்திரி கிண்ணத்தில் ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் சப்ஜா விதை மாதிரி ஒரே கொழகொழப்பு, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவே முடியவில்லை. ஊறவே போடாதீர்கள். உலர்ந்த விதையை ஈரச் சேற்றின் மேல் தூவி உள்ளங்கையால் அழுத்தினால் போதும், அந்தக் கொழகொழப்பே விதையை மண்ணோடு ஒட்டிக்கொள்ள வைத்துவிடும்.

அப்புறம் மண். நம் செம்புறாங்கல் சரளை மண்ணில் ஊற்றிய தண்ணீர் நிற்காது, இதில் ரோஜாவுக்குச் செய்கிற பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் மணலையும் கலந்து வைத்தேன், பத்து நாளில் இலை சுருண்டது. இதற்கு வடிகால் வேண்டாம், சேறுதான் வேண்டும். கண்மாய் வண்டல் இரண்டு கூடை போட்டு, ஓட்டையில்லாத பழைய சிமெண்டுத் தொட்டியில் வையுங்கள். முற்றத்து மழைத்தண்ணீர் வெளியே வந்து விழுகிற இடம் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீர் அங்கே போகக் கூடாது. ஈரம் வேண்டுமே என்று நிழலில் வைத்தால் நெட்டையாக வளருமே தவிர பூக்காது. கால் சேற்றில், தலை வெயிலில், அப்படித்தான் அதற்குப் பிடிக்கும்.

கணுவுக்குக் கணு நீள முள் உண்டு, அதனால் பிள்ளைகள் ஓடுகிற வழியில் வேண்டாம்.

இலையைப் புழு தின்றால் உடனே மருந்தைத் தூக்காதீர்கள், வேப்பெண்ணெய்கூட வேண்டாம். இறக்கையில் மயில்தோகைக் கண் மாதிரி வட்டம் வைத்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி முட்டையிடுகிற செடிகளில் இதுவும் ஒன்று. பூச்சி வரட்டும் என்று செடியை வைத்துவிட்டு அதன் பிள்ளையைக் கொன்றால் எப்படி?

சித்திரை வெயிலில் தண்டு காய்ந்து முள்ளாக நிற்கும்போது செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறவர்கள் நிறைய. விதை கொட்டுகிறவரை விடுங்கள், ஐப்பசி மழைக்கு அதே தொட்டியில் மறுபடி தலைகாட்டும். ஒன்று மட்டும், பக்கத்தில் யாருடைய நெல்வயலாவது இருந்தால் காய் முற்றுமுன் வெட்டிவிடுங்கள், வயலுக்குள் போனால் இது அவர்களுக்குக் களை.