ரொறன்ரோவில் பார்க்கிங் ரிக்கற் வந்தால்

வைப்பரில் ரிக்கற் செருகியிருந்தால் உடனே காரை எடுக்காதீர்கள். முதலில் படம் எடுங்கள்: கார் நிற்கும் இடம், முன்னும் பின்னும் உள்ள பலகைகள். மேப்பிள் கிளை பலகையை மறைத்திருந்தால் கிட்டப் போயும் எடுங்கள், காருக்குள் இருந்தும் எடுங்கள். என் மச்சானின் ரிக்கற் தள்ளுபடியானது அப்படி ஒரு படத்தால்தான். ஆனால் பலகையே இல்லாத தெருவிலும் 3 மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்த முடியாது.

பிறகு, 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டுங்கள், இல்லையென்றால் மாநகரசபையின் இணையத்தளத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். 2017 இலிருந்து இதற்கு நீதிமன்றப் படி ஏறத் தேவையில்லை. படத்தோடு நாலு வரி தெளிவாக எழுதினால் போதும். மறுபரிசீலனை செய்யும் அதிகாரியின் முடிவு சரியில்லை என்று பட்டால் விசாரணை அலுவலரிடம் போகலாம். அவர் சொல்வதே இறுதி. சும்மா விட்டால் மேலதிகக் கட்டணம் ஏறும், நம்பர் பிளேட் புதுப்பிப்பும் தடைப்படும்.