அரை சௌசௌவும் இரண்டு கேரட்டும்

எங்கள் தெருவுக்குக் காய்கறி வண்டி வெள்ளிக்கிழமை காலைதான் வரும். வியாழன் இரவு ஃபிரிட்ஜின் அடித்தட்டில் கிடப்பவை எல்லாம் அரையும் காலும்தான்: அரை சௌசௌ, இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், ஒரு துண்டு காலிஃபிளவர். சாம்பாருக்குக் காணாது, பொரியலுக்கு ஒன்றோடொன்று சேராது. எல்லாவற்றையும் ஒயிட் சாஸில் புரட்டி, மேலே சீஸ் தூவி ஓடிஜியில், அதாவது சிறிய மின்சார ஓவனில், வைத்துவிடுவேன்.

முதல் தடவை செய்தபோது பாத்திரத்தில் தண்ணீர் நின்றது. எட்டிப் பார்த்த மாமியார், "கூட்டுக்குத் தொட்டுக்கொள்ள அப்பளம் பொரிக்கட்டுமா?" என்றார். கோளாறு காயின் ஈரத்தில். அதை விரட்டுவதுதான் பாதி வேலை.

நறுக்கிய காய் நான்கு கப் வேண்டும். கேரட், பீன்ஸ், காலிஃபிளவரைக் கொதிக்கும் உப்பு நீரில் நான்கு நிமிடம் போட்டு வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். சௌசௌவும் கோஸும் தாமே நீர் விடுபவை. அவற்றை வேகவைக்காமல், வாணலியில் சிறிது எண்ணெய் விட்டுப் பெரிய தீயில் ஈரம் வற்றும்வரை வதக்க வேண்டும். வெந்த உருளைக்கிழங்கு ஒன்று இருந்தால் நல்லது, மிச்ச ஈரத்தை அது குடித்துக்கொள்ளும். பீட்ரூட் வேண்டாம், எல்லாம் ரோஜா நிறமாகிவிடும். மதியப் பொரியல் மிஞ்சியிருந்தால் கறிவேப்பிலையைப் பொறுக்கிவிட்டுச் சேர்க்கலாம். தேங்காய் போட்டதென்றால் நான் சேர்ப்பதில்லை.

சாஸுக்கு மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போக வறுங்கள். சிவக்கக் கூடாது. அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கட்டி தட்டினால் பதற வேண்டாம், டீ வடிகட்டி எதற்கு இருக்கிறது? கரண்டியின் முதுகில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். மிளகுத்தூள், துளி ஜாதிக்காய், பொடியாக நறுக்கிய ஒரு பச்சை மிளகாய். சீஸிலேயே உப்பு உண்டு, கை அடங்கட்டும்.

காயைக் கலந்து, வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பரப்புங்கள். ஓவனுக்கு ஏற்ற கண்ணாடிப் பாத்திரம் இல்லாவிட்டால் கேக் தட்டு போதும். துருவிய சீஸ் அரை கப், பிரட் தூள் இரண்டு கரண்டி மேலே. முன்பே சூடாக்கிய ஓடிஜியில் 200 டிகிரியில் இருபது நிமிடம். கடைசி மூன்று நிமிடம் மேல் கம்பி மட்டும் எரியட்டும், அருகிலேயே நில்லுங்கள். குக்கரிலும் செய்யலாம் என்பார்கள். சூடேறும், ஆனால் மேலே சிவக்காது. சிவக்காத இந்தப் பதார்த்தத்தை நான் யாருக்கும் பரிமாற மாட்டேன்.

எடுத்ததும் வெட்டாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்தால் சாஸ் இறுகித் துண்டாக வரும். ஓரத்தில் ஒட்டி முறுகியதை மாமியார் கரண்டியால் சுரண்டிக்கொண்டு போய்விடுவார். அதில் எனக்குப் பங்கு கிடைப்பதில்லை.