ஆர்பிஎம்மை வெட்டு வேகமாக்கும்போது செய்யும் தவறுகள்

குன்னூர், கோத்தகிரி பக்கம் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், நிற்க வரும் பையன்களுக்குச் சூத்திரம் மனப்பாடம். மில்லிமீட்டரில் விட்டத்தை எடுத்து, π-யாலும் (3.14) ஆர்பிஎம்மாலும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதாலும், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை மீட்டர், அதுதான் டூல் வெட்டும் வேகம். கூட்டல் கழித்தல் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்வார்கள், அதை விடுகிறேன்.

விட்டம் மாறியும் அதே ஆர்பிஎம்

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். தேயிலை ஃபாக்டரியிலிருந்து சிடிசி ரோலர், அதாவது கொழுந்தை நசுக்கிக் கிழிக்கும் பல் வைத்த உருளை, வருகிறது. பேரிங் உட்காரும் தண்டு 60 மி.மீ. என்று வைப்போம். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல், நிமிடத்துக்கு 20 மீட்டர் என்றால் 106 ஆர்பிஎம். சரி. அப்புறம் அதே ஸ்பீடில் ரோலரின் உடம்புக்குப் போய்விடுகிறார்கள், அதுவோ 8 அங்குலம், அதாவது 203 மி.மீ. "ஏன் மாத்தலை?" என்று ஒரு பையனைக் கேட்டேன். "ஸ்பிண்டில் அதேதானேண்ணா சுத்துது?" என்றான். சுற்று அதேதான் தம்பி, ஆனால் ஒரு சுற்றுக்குத் தண்டில் டூலைக் கடப்பது 188 மி.மீ., உடம்பில் 638 மி.மீ. வெட்டு வேகம் 67 மீட்டரைத் தாண்டிவிட்டது. வைக்க வேண்டியது 31 ஆர்பிஎம்.

முனை எரிந்தால் டூலைத் தீட்டிக்கொள்ளலாம், ரோலரை என்ன செய்வது? அது எஸ்.எஸ்., ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மழுங்கிய முனை வெட்டாமல் உரசினால் மேல்தோல் இறுகிவிடும், புது டூல் போட்டாலும் அதையும் அந்தத் தோல் தின்னும். அதற்குக் கீழே இறங்கி வெட்டினால்தான் வழி, அப்போது இன்னும் பல முறை பல் தீட்டக் கூடிய ரோலர் வீணாக விட்டம் இழக்கிறது. கொழுந்து குவியும் சீசனில் இதற்காக மிஷின் நின்றால் இலை கொண்டுவந்த சிறு விவசாயிக்கும் நஷ்டம். கியர் லிவரைத் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அங்குலத்தை அப்படியே போடுவது

203-க்குப் பதில் 8 என்று போட்டால் கணக்கு 796 ஆர்பிஎம் சொல்லும். அந்த எடையை அந்த வேகத்தில் சுற்றவிட்டால் ஆளுக்கே ஆபத்து.

மில்லிங், டிரில்லிங்

இங்கே சுற்றுவது டூல், அதனால் சூத்திரத்தில் போட வேண்டியது கட்டரின் விட்டம், டிரில்லின் விட்டம். ஜாபின், அதாவது வெட்டப்படும் துண்டின், விட்டம் அல்ல.

ஃபேசிங்

ஜாபின் முகப்பை விளிம்பிலிருந்து மையம் வரை வெட்டும்போது, விளிம்புக்கு வைத்த வேகம் மையத்தில் பூஜ்யமாகிவிடும், அங்கே பரப்பு சொரசொரப்பாக வந்தால் டூலைக் குறை சொல்லாதீர்கள். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி லேத்தில், வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96 கட்டளையைப் போட்டால் மையத்தை நெருங்க நெருங்க ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும், அதனால் உச்ச ஆர்பிஎம்முக்கு வரம்பு வைக்காமல் ஸ்டார்ட் பட்டனைத் தொடக் கூடாது.

லேத்தில் இல்லாத ஸ்பீடு

கணக்கு 31, கியரில் இருப்பது 28-ம் 45-ம் என்றால் 28.