தெப்பக்குளப் படம் எல்லாத் திரையிலும் சரியாகத் தெரிய

தைப்பூசத்தன்று வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தின் மைய மண்டபத்தை விளக்கொளியில் எச்டிஆரில் (பளிச்சென்ற இடங்களைக் கூடுதல் வெளிச்சத்துடன் காட்டும் முறை) எடுத்தேன். என் போனில் மனதை அள்ளிக்கொண்டு போனது. லேப்டாப்பில் விளக்கெல்லாம் வெள்ளைத் திட்டு. இருட்டில் பார்த்த சித்திக்கோ கண் கூசியது.

திரைக்குத் திரை உச்ச வெளிச்சம் வேறு. அதனால் படத்தைக் கெயின் மேப்புடன் ஜேபெக்காகச் சேமித்தேன். அதற்குள் சாதாரணத் திரைக்கான படமும், எந்த இடத்தில் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டலாம் என்ற கணக்கும் (அதுதான் கெயின் மேப்) சேர்ந்தே இருக்கும். திரை தன்னால் முடிந்த அளவுக்குக் கூட்டிக்கொள்ளும். 2023இல் ஆண்ட்ராய்டு 14 கொண்டுவந்த அல்ட்ரா எச்டிஆர் இதுதான். படத்தைத் திருத்தும் லைட்ரூம் செயலியில் சாதாரணத் திரைக்கான முன்னோட்டத்தைத் திறந்து, மண்டப விளக்குகளை மட்டும் அடக்கினேன். நேரமெல்லாம் இதில்தான் போனது, ஆனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: பலர் பார்க்கப்போவது இந்த வடிவத்தைத்தான்.

அப்புறம் சித்தியின் ஐபோன். எவ்வளவு பளிச்சென்று வேண்டும் என்பதைப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், முழு எச்டிஆர் காட்டும் ஸ்விட்சை அணைத்தேன். கூச்சம் நின்றது.

மெசேஜில் படமாக அனுப்பினால் கெயின் மேப் கழன்றுவிடலாம், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.