பேச வைக்க அவசரப்படாதீர்கள்: புதிய மனநல ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியலில் முதுகலை முடித்துக் களத்துக்கு வரும் மாணவர்களுக்கும், விபத்து, வெள்ளம் என்றால் உதவ ஓடிவரும் தன்னார்வலர்களுக்கும் மேற்பார்வையாளராக இருப்பதால், அவர்கள் எழுதிவரும் அமர்வுக் குறிப்புகளை வாசிப்பது என் வாராந்திர வேலை. எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். வந்தவர் சொன்னதை வெளியில் பேசக் கூடாது, எடுத்த எடுப்பில் அறிவுரை சொல்லக் கூடாது என்பனவற்றை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். படித்த கோட்பாட்டை, அது பொருந்தாத இடத்தில், முழு நம்பிக்கையோடு பயன்படுத்துவதால் நேரும் தவறுகளே இங்கு பேசப்படுபவை. அவற்றுள் ஒன்று இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அதையே முதலில் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கொட்டித் தீர்க்க வைப்பது

சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண்ணை, இறப்பு நிகழ்ந்த சில நாட்களில் ஒரு பயிற்சி ஆலோசகர் வீட்டுக்கே சென்று பார்த்தார். (அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உறவினர் நிறைந்த வீட்டில் ஓர் அறையைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, “அக்கா, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க, மனசுக்குள்ளயே வச்சுக்காதீங்க” என்று தொடங்கியிருக்கிறார். அந்தப் பெண்ணோ கணவரின் கைப்பேசியைச் சார்ஜரோடு மடியில் வைத்துக்கொண்டு, வண்டிக்கடன் தவணைக்காக வரும் அழைப்புகளை எடுக்கலாமா, பிரேதப் பரிசோதனை அறிக்கையை யாரிடம் போய்க் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் விடாமல் வற்புறுத்தவே, பிணவறையில் அடையாளம் காட்டிய நேரத்தைச் சொல்லத் தொடங்கியவர், பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறினார். என்னிடம் வந்த குறிப்பில் இது “உணர்ச்சி வெளிப்பாடு நன்றாக நிகழ்ந்தது” என்று பதிவாகியிருந்தது. தவணை பற்றிய கேள்விகளுக்கு எதிரே, ஓரத்தில், “மறுப்பு நிலை” என்று எழுதியிருந்தது. அன்றிரவிலிருந்து அந்தப் பெண் கண்ணை மூடவே பயப்படுகிறார் என்பதும், இனிமேல் கவுன்சிலிங் என்று யாரும் வீட்டுப் படியேற வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதும் அவருடைய நாத்தனார் தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தன. உதவி உண்மையாகவே தேவைப்படும் மாதங்கள் இனித்தான் வரவிருந்தன. கதவோ அதற்குள் அடைக்கப்பட்டுவிட்டது.

அடைபட்ட உணர்ச்சி குக்கருக்குள் சேரும் ஆவி போன்றது, வெளியே விடாவிட்டால் வெடித்துவிடும் என்ற எண்ணம் படித்தவர், படிக்காதவர் எல்லாரிடமும் இருக்கிறது. இதற்கு மருத்துவக் கோட்பாட்டின் வடிவம் கொடுத்தவர்கள் யோசெஃப் பிராயரும் சிக்மண்ட் ஃபிராய்டும். 1895இல் அவர்கள் வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய நூலில், அன்னா ஓ. என்ற புனைபெயரில் வரும் இளம்பெண், தன் அறிகுறிகள் தோன்றிய கதையைப் பேசிப் பேசியே அவற்றிலிருந்து விடுபட்டதாகக் காட்டப்படுகிறார். வகுப்பறைகளில் கதை பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது. பெர்த்தா பாப்பென்ஹைம் என்ற அந்தப் பெண், பிராயரின் சிகிச்சை முடிந்த 1882ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் கிராய்ட்ஸ்லிங்கனில் இருந்த ஒரு மனநல இல்லத்தில் சேர்க்கப்பட வேண்டியிருந்தது என்பதையும், அவர் தேறி எழுந்து ஜெர்மானிய யூதப் பெண்களுக்கான இயக்கத்தைத் தொடங்கும் நிலைக்கு வர நெடுங்காலம் ஆயிற்று என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்? ஃபிராய்டும் விரைவிலேயே இந்த முறையைக் கைவிட்டு வேறு வழிக்குச் சென்றுவிட்டார். கைவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் நாம்தான்.

நம் காலத்தில் இந்த எண்ணத்துக்குப் புத்துயிர் தந்தது, அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வகுத்த டிப்ரீஃபிங் முறை. தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் பணியாளர் போன்றோர் கொடுமையான ஒரு நிகழ்வைக் கையாண்டபின் குழுவாக அமர்ந்து, நடந்ததையும் உணர்ந்ததையும் படிப்படியாகப் பேசுவதற்காக அது உருவானது. அதைத் தனி ஆட்களுக்கு, அதுவும் பாதிக்கப்பட்டவர்களுக்கே, ஒரே அமர்வாகக் கொடுக்கத் தொடங்கியபோதுதான் சிக்கல் வந்தது. ஜோனதன் பிஸ்ஸனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் வெளியிட்ட தீக்காய நோயாளிகள் பற்றிய ஆய்வில், 13 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, இவ்வாறு பேச வைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கும் பேச வைக்கப்படாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் பிடிஎஸ்டி எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்தது. பேச வைக்கப்பட்ட குழுவினரின் காயங்கள் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையானவை என்பதால் இந்த ஓர் ஆய்வை வைத்து மட்டும் முடிவுகட்டக் கூடாது. ஆனால் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து பார்த்து மேயூவும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்லிற்று: தொடக்கத்தில் மிகவும் கலங்கியிருந்தவர்களில், பேச வைக்கப்படாதவர்கள் தாமாகத் தேறினார்கள், பேச வைக்கப்பட்டவர்கள் தேறவில்லை. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரன் மதிப்பாய்வு, கட்டாய டிப்ரீஃபிங்கை நிறுத்த வேண்டும் என்று 2002இலேயே எழுதிவிட்டது.

அதற்குப் பின்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலை அடித்த சில வாரங்களில் நாகப்பட்டினக் கடலோர முகாம்களுக்கு வந்திறங்கிய குழுக்களில் எத்தனையோ நல்ல மனிதர்கள் இருந்தார்கள். ஆயினும் காலையில் ஒரு குழு அலையை வரையச் சொன்ன அதே குழந்தைகளிடம் மாலையில் இன்னொரு குழு வண்ணப்பென்சிலை நீட்டியதைப் பார்த்தவர்களுக்கு, நல்லெண்ணம் மட்டும் போதாது என்பது விளங்கும். பேரிடர் காலத்து மனநல உதவி பற்றி 2007இல் வெளியான பன்னாட்டு அமைப்புகளின் நிலைக்குழு வழிகாட்டுதல்கள், பொதுமக்களுக்கு ஒற்றை அமர்வு டிப்ரீஃபிங் செய்யக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. இதெல்லாம் அச்சாகிப் பல ஆண்டுகள் ஆனபின்னும், “அழுதாரா? அழவில்லையா? அப்படியானால் இன்னொரு முறை போ” என்று மாணவர்களை அனுப்பும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம்.

இதைச் சொன்னால், “நம் ஊரில் ஒப்பாரி வைத்து அழுவதில்லையா?” என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான கேள்விதான். ஒப்பாரிக்கு மெட்டு உண்டு, சொல்முறை உண்டு, கட்டிப்பிடித்துக் கூட அழுபவர் உண்டு, தொண்டை வறண்டால் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட ஆள் உண்டு. அழ முடியாதவள் ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். அவளுக்குப் பதில் ஊரே அழும். சாத்திய அறைக்குள், முன்பின் தெரியாத ஒருவர் குறிப்பேட்டோடு அமர்ந்து விவரம் கேட்பது அதனோடு சேராது.

கோபத்துக்கும் இதே தவறான மருந்தைப் பலர் எழுதித் தருகிறார்கள்: தலையணையைக் குத்து, கத்தித் தீர். பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனையில், தம்மைச் சினமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்கள், ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு எழுந்தார்கள்.

அப்படியானால் அந்த வீட்டில் என்னதான் செய்திருக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அவர் எதைப் பேச விரும்புகிறாரோ அதைக் கேட்க வேண்டும். அவர் பேச விரும்பியது தவணையைப் பற்றி என்றால் தவணையைப் பற்றியே கேட்க வேண்டும். பிறகு, அறிக்கை வாங்கித் தரக்கூடிய ஓர் உறவினரையும், கடன்காரர்களிடம் பேசக்கூடிய ஒருவரையும், இரவில் அவருடன் படுத்துக்கொள்ள ஒரு பெண்ணையும் ஏற்பாடு செய்ய உதவ வேண்டும். ஆலோசகர் வேலையாகவே தெரியாத இவைதான் முதல் வாரங்களின் ஆலோசகர் வேலை.

நடந்ததைச் சொல்லவே வைக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் பிடிஎஸ்டி என்ற பேச்சே எழுகிறது. அப்போது எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை போன்றவற்றில் நிகழ்வை மீண்டும் மீண்டும் சொல்வதே மருந்தாகிறது. ஆனால் அது பல அமர்வுகளில், நோயாளியின் முழுச் சம்மதத்தோடு, ஒவ்வொரு முறையும் கலக்கம் அடங்கும்வரை உடனிருந்து, பயிற்சி பெற்றவர் செய்வது. வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவர் தொடக் கூடாது.

ஐந்து நிலைகளை அட்டவணையாக்குவது

மேலே சொன்ன குறிப்பின் ஓரத்தில் இருந்த “மறுப்பு நிலை” எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி அறிந்ததை வைத்து; துணையை இழந்தவர்களைப் பின்தொடர்ந்து அல்ல. இழந்தவர்கள் இந்த வரிசையில் நடப்பதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபவும் ஹென்க் ஷூட்டும் 1999இல் முன்வைத்த இரட்டைச் செயல்முறை மாதிரி களத்தில் பார்ப்பதோடு நன்றாகவே பொருந்துகிறது: இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கமும் இன்னொரு நேரம் பிழைப்பின் பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார். தவணையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண் எதையும் மறுக்கவில்லை. பிழைப்பின் பக்கம் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மதிப்பெண்ணை நோயாக வாசிப்பது

மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்டு 0 முதல் 27 வரை மதிப்பெண் தருகிறது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் விசாரிக்க வேண்டும் என்பதே பொருள். டிப்ரெஷன் என்று பெயர் சூட்டிவிடலாம் என்பதல்ல. தூக்கம், பசி, அசதி பற்றிய கேள்விகள் தைராய்டு குறைந்தவருக்கும் ரத்தசோகை உள்ளவருக்கும் கைக்குழந்தைத் தாய்க்கும் மதிப்பெண்ணை ஏற்றிவிடும். மொத்தத்தைக் கூட்டும் அவசரத்தில் ஒன்பதாவது கேள்விக்கு என்ன விடை வந்தது என்று பாராமல் படிவத்தைக் கோப்பில் வைத்துவிடுவது அதைவிடப் பெரிய பிழை.

மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்வது

சொல்லாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அனுப்புங்கள்.

தற்கொலையைப் பற்றிக் கேட்கத் தயங்குவது

அந்த ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் குறித்தது. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. “மனசு சரியில்லையா?” என்று சுற்றி வளைக்காமல், “செத்துப்போயிடலாம்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், வீட்டில் பூச்சிமருந்தோ சேர்த்துவைத்த மாத்திரைகளோ இருக்கின்றனவா என்று கேட்டு, அவற்றை அப்புறப்படுத்த அவர் நம்பும் ஒருவரை அவர் சம்மதத்தோடு அழையுங்கள். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் இதை வெளியில் சொல்லாமல் இருக்க முடியாது என்பதை முதல் அமர்விலேயே தெரிவித்திருக்க வேண்டும். மருத்துவரிடம் சேர்க்கும்வரை அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416ஐ அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்து, ஒரு முறை உங்கள் எதிரிலேயே அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.