ஃபின்னிஷ்–ஸ்பானிஷ் நிர்வாக மொழிபெயர்ப்பு: ஆள் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபின்னிஷ் நிர்வாக நூலையோ பணியாளர் கையேட்டையோ ஸ்பானிஷுக்குக் கொண்டுபோக ஆள் தேடுகிறவர்கள் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள். கெடுவை நெருக்கி வைப்பது, மாதிரி கேட்காமல் விடுவது போன்றவற்றை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நடுவில் ஒளிந்திருக்கும் ஆங்கிலம்

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஃபின்னிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அம்மொழியைக் கற்று, நிர்வாகத் துறையும் அறிந்து, ஸ்பானிஷில் சரளமாக எழுதுகிறவர்கள் அரிது. அதனால் சில ஏஜென்சிகள் மூலத்தைக் கணினியில் ஆங்கிலமாக்கி, ஃபின்னிஷ் தெரியாத ஆங்கிலம்–ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரிடம் தள்ளிவிடுகின்றன. பில்லில் மட்டும் 'ஃபின்னிஷ்–ஸ்பானிஷ்' என்று இருக்கும்.

மறுசீரமைப்பு அறிக்கை ஒன்று சரிபார்ப்புக்காக என்னிடம் வந்தது. மூலத்தில் இருந்தது 'லொமவுதுஸ்'. வேலை ஒப்பந்தம் நீடிக்கும். வேலையும் சம்பளமும் மட்டும் தற்காலிகமாக நிற்கும். அது ஆங்கிலத்தில் 'லே ஆஃப்' ஆகி, ஸ்பானிஷில் நேரடிப் பணிநீக்கமாக இறங்கியிருந்தது. 2020 பெருந்தொற்றுக் காலத்தில் ஸ்பெயினில் எல்லோர் வாயிலும் புழங்கிய, வேலையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'எர்தே' ஏற்பாட்டுக்கு நெருக்கமான ஒன்றை, வேலை போனதாக அறிவித்துவிட்டார்கள்! கிளை ஊழியர்கள் அதைப் படித்த பிறகுதான் கோப்பு என் கைக்கு வந்தது. தொழிற்சங்கத்துக்கு விளக்கம் எழுதவே மொழிபெயர்ப்பைவிட அதிகம் செலவானது. ஏஜென்சியோ, "ஒரு சொல்தானே" என்றது.

அதே கோப்பில் விற்றுமுதலும் ஆயிரம் மடங்கு பெருத்திருந்தது. ஃபின்னிஷ் 'மில்யார்தி' நூறு கோடி. ஆங்கிலத்தில் அது 'பில்லியன்'. அதைப் பார்த்து எழுதிய ஸ்பானிஷ் 'பில்யோன்' ஒரு லட்சம் கோடி.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெக்கா என்ற மேலாளரைப் பற்றி ஒரு பத்தியை மாதிரிக்குக் கொடுங்கள். நம் 'அவர்' போல ஃபின்னிஷ் 'ஹேன்' ஆண்பால், பெண்பால் காட்டாது. ஸ்பானிஷ் காட்டியே தீரும். பெக்கா ஆண்பெயர் என்பது ஃபின்லாந்தை அறிந்தவருக்குத் தெரியும். 'ஆ' என்று முடிவதால் ஸ்பானிஷ் காதுக்கு அது பெண்பெயராகப் படும். பெக்கா இயக்குநர் அம்மையாராகத் திரும்பி வந்தால், அடுத்த ஆளைப் பாருங்கள்.

முத்திரைக்கு மயங்குவது

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஃபின்லாந்து தரும் அங்கீகாரத் தகுதி ஒவ்வொரு மொழித்திசைக்கும் தனி. ஸ்பானிஷிலிருந்து ஃபின்னிஷுக்கு உள்ள அங்கீகாரம் உங்களுக்கு உதவாது. ஸ்பெயின் அலுவலகங்கள் கேட்பதோ அந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் நியமித்தவரின் முத்திரையை. ஒப்பந்தம், பதிவு ஆவணம் என்றால் இதைப் பாருங்கள். தலைமைத்துவக் கையேட்டுக்கு முத்திரை எதற்கு? அவர் முன்பு செய்த நிர்வாக நூல்களைக் கேளுங்கள்.

மூலச் சொல்லுக்கு விலை பேசுவது

ஃபின்னிஷில் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும், கூட்டுச்சொற்கள் நீளும். ஒரு சொல் ஸ்பானிஷில் மூன்று நான்காக விரியும். ஆங்கில மூலத்துக்கான விலையை நீட்டினால் நல்லவர்கள் பதிலே போடமாட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

எந்த நாட்டு ஸ்பானிஷ்?

முதல் மின்னஞ்சலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பெயினில் தசமத்துக்குக் காற்புள்ளி, மெக்சிகோவில் புள்ளி.

இரண்டாம் கண்ணை விசாரிக்காதது

மொழிபெயர்ப்புச் சேவைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17100-இன்படி, மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். அந்த இன்னொருவருக்கு ஃபின்னிஷ் தெரியுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.